ஒரே வாரத்தில் ஆயிரம் சிபாரிசு

2005 மார்ச் 31 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கூகுளின் விண்ணப்பம் ஒன்றைப் பொதுப் பார்வைக்கு வெளியிட்டது. அனுராக் ஆச்சார்யா, ஜெஃப் டீன், மோனிகா ஹென்ஸிங்கர், மேட் கட்ஸ் உள்ளிட்டோர் பெயரில் 2003-இன் கடைசி நாளில் தாக்கலான விண்ணப்பம் அது. இணையதளங்களைத் தேடல் முடிவுகளில் மேலே ஏற்றித் தருவதைப் பிழைப்பாகக் கொண்டிருந்த எஸ்.இ.ஓ. தொழிலினர் அதை வரிவரியாகப் படித்தார்கள். ஒரு பக்கம் எப்போது பிறந்தது, அதற்கு வரும் இணைப்புகள் எந்த வேகத்தில் கூடுகின்றன, எந்த வேகத்தில் மறைகின்றன என்பதையெல்லாம் தேடுபொறி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. நேற்றுப் பிறந்து பத்து இணைப்புகளைப் பெற்ற பக்கம், பத்தாண்டு காலமாக இருந்து நூறு இணைப்புகளைப் பெற்ற பக்கத்தை முந்தலாம். ஏனெனில் அதன் வளர்ச்சி வேகம் அதிகம். அதே ஆவணம் இன்னொன்றும் சொன்னது: இணைப்புகள் திடீரென்று செங்குத்தாக ஏறினால் அது தேடுபொறியை ஏமாற்றும் முயற்சியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆக, வேகம் ஒரே சமயத்தில் பாராட்டுக்கும் உரியது, சந்தேகத்துக்கும் உரியது. புதிதாகத் தளம் தொடங்குகிறவர்களின் தலையெழுத்து இந்த இரண்டுக்கும் இடையில்தான் இன்றுவரை ஊசலாடுகிறது.

இணைப்புகளை எண்ணிப் பார்க்கும் யோசனை தேடுபொறிகளைவிட மூத்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்த கட்டுரைகளில் எவையெவை மேற்கோள் காட்டின என்று தொகுத்தால் அறிவியலின் ஓட்டத்தையே பின்தொடரலாம் என்று 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார் யூஜின் கார்ஃபீல்ட். 1960-களில் அவருடைய நிறுவனம் அப்படியொரு அட்டவணையைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டும் காட்டியது. 1996-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அந்த யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு எடை. அவர் பலருக்கும் சிபாரிசு செய்தால் அந்த எடை பங்கு பிரிந்துவிடும். இந்தக் கணக்குக்குத்தான் பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள்.

பழைய தேடுபொறிகள் பக்கத்தில் இருக்கும் சொற்களையே பெரிதும் நம்பின. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை அடித்துவைத்து அவற்றை ஏமாற்ற முடிந்தது. அதோடு ஒப்பிட்டால், தன்னைப் பற்றித் தான் சொல்வதைவிட்டுப் பிறர் சொல்வதைக் கேட்கும் இந்த முறை பெரிய முன்னேற்றம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஓர் இடம் பலவீனமாக இருந்தது. ராஜீவ் மோட்வானி, டெர்ரி வினோகிராட் ஆகியோருடன் சேர்ந்து 1998-இல் எழுதிய ஆய்வறிக்கையில் பேஜும் பிரின்னும் அந்த இடத்தைத் தொட்டுவிட்டே நகர்ந்திருக்கிறார்கள். வியாபாரிகள் முக்கியமான தளங்களில் இணைப்புகளை விலைக்கு வாங்கக்கூடும். ஆனால் அதற்குப் பணம் செலவாகும் என்பதால் அது கட்டுக்குள்ளேயே இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். இந்த வரலாற்றின் ஆகப் பெரிய தப்புக்கணக்கு இதுதான். கூகுளின் முதல் பக்கத்தில் வருவதற்கு எவ்வளவு பணமும் கொடுக்க ஆள் இருப்பார்கள் என்பதை அப்போது யாரால் எதிர்பார்த்திருக்க முடியும்?

அதே 1998-இல், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்ற கிருஷ்ண பாரத், 'டிஜிட்டல்' என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஹென்ஸிங்கருடன் சேர்ந்து இன்னொரு கோணத்தில் யோசித்துக்கொண்டிருந்தார். ஒரே தளத்தின் பல பக்கங்கள் ஒரே இலக்கைச் சுட்டினால் அவற்றைப் பல குரல்களாக எண்ணக் கூடாது, மொத்தமாக ஒரு குரல் என்றே கொள்ள வேண்டும் என்றது அவர்களுடைய கட்டுரை. எத்தனை இணைப்புகள் என்பதைவிட எத்தனை வேறு வேறு மனிதர்கள் என்பது முக்கியம் என்ற எண்ணம் அத்தனை ஆரம்பத்திலேயே முளைத்துவிட்டது. இருவரும் பிற்பாடு கூகுளில் சேர்ந்தார்கள். பாரத் கூகுள் நியூஸை உருவாக்கினார். ஹென்ஸிங்கரின் பெயர் 2005-இல் வெளியான அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது.

சந்தை திறந்தது 2000 டிசம்பரில். உலாவியில் பொருத்திக்கொள்ளும் டூல்பாரை கூகுள் வெளியிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் 0 முதல் 10 வரை ஒரு பச்சைப் பட்டையில் தெரிந்தது. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மதிப்புக்கு எண் கிடைத்தது. எண் கிடைத்ததும் விலையும் கிடைத்துவிட்டது. ஒக்லஹோமாவின் சர்ச்கிங் நிறுவனம் 2002 ஆகஸ்டில் ஒரு விளம்பர வலையமைப்பைத் தொடங்கியது. உயர்ந்த பேஜ்ரேங்க் உள்ள தளங்களில் இணைப்பு வாங்கித் தருவது அதன் வேலை. ரேங்க் எவ்வளவோ அதற்கேற்பக் கட்டணம். சில வாரங்களில் சர்ச்கிங்கின் சொந்த மதிப்பே 8-லிருந்து 4-க்கு இறங்கியது. நிறுவனம் வழக்குப் போட்டது. வேண்டுமென்றேதான் இறக்கினோம் என்று கூகுளும் ஒப்புக்கொண்டது. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, அது கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று 2003 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தேடல் முடிவில் தன் இடம் பறிபோனால் சட்டத்தின் கதவைத் தட்டிப் பயனில்லை என்று தளம் நடத்துகிறவர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் காலத்தில் கூகுள் தன் அட்டவணையை ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கும். முடிவுகள் சில நாள் மேலும் கீழும் ஆடும் அந்தச் சமயத்துக்கு 'கூகுள் டான்ஸ்' என்றே பெயர். இந்த மாதம் இணைப்பு வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் பலன் தெரியும். தொடங்கிச் சில வாரங்களே ஆன தளம்கூடப் போட்டி மிகுந்த சொல்லுக்கு மேலே வந்து நிற்கும். 2003 நவம்பரில் வந்த 'ஃப்ளோரிடா' மாற்றம் அந்த வசந்தத்தை முடித்துவைத்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு அடுக்கி வைத்திருந்த சிறு வணிகர்கள் பலர் ஒரே வாரத்தில் முடிவுகளிலிருந்து மறைந்தார்கள்.

2004-இல் புது விதமான புலம்பல் கேட்டது. புதிய தளம், நிறைய இணைப்புகள், எல்லாம் சரி. ஆனால் மாதக்கணக்கில் நல்ல இடம் கிடைக்கவில்லை. புதுத் தளங்களை கூகுள் ஓரமாக உட்கார வைக்கிறது என்று நம்பிய எஸ்.இ.ஓ. தொழிலினர் இதற்கு 'சேண்ட்பாக்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். அப்படி எதுவும் கிடையாது என்பது கூகுளின் பதில். காப்புரிமை விண்ணப்பம் வெளியானபோது அது அத்தனை பரபரப்பாகப் படிக்கப்பட்டதற்குக் காரணம் இந்தச் சச்சரவுதான். ஊருக்கு நேற்று வந்தவருக்கு இன்று ஆயிரம் பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் எந்த அதிகாரிக்கும் புருவம் உயரத்தானே செய்யும். கூகுளின் கணக்கும் அப்படித்தான் யோசித்தது.

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட விசாரணைதான் இந்த வியாபாரத்தைப் பொதுமக்களின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. நூறாண்டு கண்ட அமெரிக்கப் பல்பொருள் நிறுவனமான ஜே.சி. பென்னி, பண்டிகைக் காலம் முழுவதும் ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. எப்படி என்று அந்த நாளிதழின் செய்தியாளர் டேவிட் சீகல் துருவினார். அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு நிபுணர் ஆராய்ந்ததில், பென்னிக்கு இணைப்புத் தந்த 2,015 பக்கங்கள் கிடைத்தன. அவற்றில் பல, துணிமணிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஆளரவமற்ற தளங்கள். இணைப்பைத் தாங்கிய சொற்களோ 'ஈவ்னிங் டிரஸஸ்', 'கேஷுவல் டிரஸஸ்' என்று அச்சு வார்த்தாற்போல இருந்தன. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது பென்னி. பிப்ரவரி 9 மாலை 7 மணிக்கு ஒரு வகைப் பயணப் பெட்டிக்கான தேடலில் அது முதலிடத்தில் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அதே தேடலில் 71-ஆம் இடம். பென்னி தன் எஸ்.இ.ஓ. நிறுவனத்தை நீக்கியது. தண்டனை ஏறக்குறைய 90 நாள் நீடித்தது.

அந்த 90 நாளைத் தாங்க பென்னியிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. புதிதாகத் தொடங்கிய தளத்துக்கு அப்படிச் சாய்ந்துகொள்ள என்ன இருக்கிறது? இளம் நிறுவனங்களில் தப்பிப் பிழைத்த ஒன்றாக ராப் ஜீனியஸைச் சொல்லலாம். பாடல் வரிகளுக்கு விளக்கம் எழுதும் அந்தத் தளம் 2009-இல் பிறந்தது. ஜஸ்டின் பீபரின் பாடல்களுக்கான இணைப்புகளைத் தங்கள் பக்கங்களில் வரிசையாக வைப்பவர்களைச் சமூக ஊடகங்களில் பரப்பிவிடுவதாக ஆசை காட்டியது. பேரம் அம்பலமானதும் 2013 கிறிஸ்துமஸ் அன்று கூகுள் அதைத் தள்ளிவைத்தது. அதன் பெயரையே போட்டுத் தேடினாலும் முதல் பக்கத்தில் வரவில்லை. பொறியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்து, தங்களைச் சுட்டும் ஏறக்குறைய 1,78,000 முகவரிகளை நிரல் எழுதிச் சலித்து, கெட்டவற்றை நீக்கவைத்தார்கள். பத்து நாளில், ஜனவரி 4 அன்று, தளம் திரும்பியது. பெரிய முதலீட்டாளர்களும் கைதேர்ந்த நிரலாளர்களும் இருந்ததால் இது நடந்தது. தனியாளாகக் கடை நடத்தும் ஒருவரால் இதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்திருக்க முடியாது.

கூகுள் தன்னையும் விட்டுவைக்கவில்லை. குரோம் உலாவிக்காக எடுத்த விளம்பரத்தில் காசுக்கு எழுதிய பதிவு ஒன்று இணைப்பும் கொடுத்திருந்தது தெரிந்ததும், 2012 ஜனவரியில் குரோம் பக்கத்தையே 60 நாள் கீழே இறக்கியது.

தனித்தனியாகப் பிடித்துத் தண்டித்தது போதாது என்று 2012 ஏப்ரல் 24 அன்று 'பெங்குவின்' வந்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 விழுக்காடு பாதிக்கப்படும் என்று கூகுளே அறிவித்தது. பெங்குவின் தேடியது செயற்கையான இணைப்புகளின் சாயலை. மனிதர்கள் தாமாக இணைப்புக் கொடுக்கும்போது ஒருவர் தளத்தின் பெயரை எழுதுவார், ஒருவர் முகவரியை ஒட்டுவார், ஒருவர் 'இங்கே பாருங்கள்' என்பார். விலைக்கு வாங்கியவற்றில் எல்லாரும் ஒரே விற்பனைச் சொல்லைச் சொல்வார்கள், ஒரே காலத்தில் சொல்வார்கள். ஐந்து டாலருக்கு ஆயிரம் இணைப்பு என்று வாங்கிய புதுத் தளங்களில் இந்தச் சாயல் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் போர்த்தி மறைக்கப் பழைய, இயல்பான இணைப்புகள் அவற்றிடம் இல்லை.

தொழில் தலைகீழானது. காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர்கள், அதை நீக்கச் சொல்லிக் காசு கொடுத்தார்கள். இந்த இணைப்புகளுக்கு நான் பொறுப்பில்லை என்று தளக்காரரே பட்டியல் கொடுக்கும் வசதியை அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் திறந்தது. அதன் பிறகும் காத்திருப்பு கொடுமையாக இருந்தது. பெங்குவின் கணக்கு எப்போதாவதுதான் மறுபடி ஓடும். 2014 அக்டோபரில் ஓடியது அடுத்து 2016 செப்டம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லாவற்றையும் சுத்தம் செய்தவர்களும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருட்டில் நின்றார்கள். திருந்தியவருக்குத் திரும்பிவர வழி வைக்காத தண்டனை அது. கூகுளின் அந்த மெத்தனத்தை நியாயப்படுத்த முடியாது.

2016-இல் கூகுள் அணுகுமுறையை மாற்றியது. பெங்குவின் இடைவிடாமல் ஓடும். கெட்ட இணைப்புகளுக்காகத் தளத்தை இறக்குவதற்குப் பதில் அந்த இணைப்புகளுக்கு மதிப்புக் கொடுக்காமல் விட்டுவிடும். கேட்க இதமாக இருக்கிறது. புதுத் தளக்காரருக்கோ இதில் வேறொரு இடர் உண்டு. வாங்கிய ஆயிரம் இணைப்புகளும் ஒன்றுமில்லாமல் போனதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. எச்சரிக்கை வராது, சரிவும் தெரியாது. இன்னும் கொஞ்சம் வாங்கினால் ஏறும் என்று விற்பவர் சொல்வார், அவரும் வாங்குவார்.

வேகமே குற்றம் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. ஜோஷ் வார்டல் தன் சொந்தத் தளத்தில் வைத்த 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டை 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று மூன்று லட்சம். அந்த மாத முடிவில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிவிட்டது. நாளிதழ்கள் எழுதின, நண்பர்கள் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். இணைப்புகள் அந்தக் கூட்டத்தின் பின்னால் வந்தன. திடீர் ஏற்றத்துக்கு இப்படிச் செய்தியோ பேச்சோ காரணமாகலாம் என்பதையும் 2003-இல் தாக்கலான அந்த விண்ணப்பம் முன்கூட்டியே கணக்கில் வைத்திருந்தது. இணைப்பு மட்டும் வந்து, அதன் வழியே ஒரு மனிதர்கூட வராத தளங்கள்தாம் சந்தேகத்துக்கு ஆளாகின்றன.

2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் வெளியே கசிந்தன. அவை தன்னுடையவைதாம் என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. சூழல் தெரியாமல் பொருள் கொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தது. அவற்றில் ஒரு தளம் முதன்முதலாகக் கண்ணில் பட்ட தேதியைக் குறித்துவைக்கும் புலம் ஒன்று இருந்தது. புதிய ஸ்பேமை ஒதுக்கிவைக்கப் பயன்படுவது என்று அதன் விளக்கம் சொன்னது. ஒதுக்குவதற்கு அங்கே பயன்படுத்தியிருந்த சொல் 'சேண்ட்பாக்ஸ்'. புதுத் தளங்கள் அனைத்தும் அடைபடுகின்றன என்பதற்கு இது சான்றாகாது. ஆனாலும் இருபது ஆண்டுகளாகக் கற்பனை என்று ஒதுக்கப்பட்டவர்களின் அனுபவத்தில் உண்மையின் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

இணைப்பை வாங்கிப் பயனில்லாதபோது வயதையே வாங்கலாம் என்று தொழில் நகர்ந்திருக்கிறது. கைவிடப்பட்ட பழைய டொமைன்களை ஏலத்தில் எடுத்து, அவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நற்பெயரின் மேல் புதுக் கடை விரிக்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தன் ஸ்பேம் விதிகளில் தனியாகச் சேர்த்துத் தடை செய்தது. விதியில் உதாரணங்களும் கொடுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, முன்பு ஒரு தொடக்கப் பள்ளியுடையதாக இருந்த முகவரியில் சூதாட்ட விடுதிகளைப் பற்றிய பக்கங்கள்.