தானே அழைத்த மோடம்

1990களின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஒரே தொலைபேசி இணைப்பை வீட்டின் இரண்டு மூன்று கணினிகள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோது, யாரும் எதையும் தொடாத வேளையில் மோடம் தானாகவே இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கும் தொல்லையும் கூடவே வந்தது. உள்ளூர் அழைப்பு மாதக் கட்டணத்திலேயே அடங்கிய அமெரிக்கப் பகுதிகளில் அது வெறும் எரிச்சல். உள்ளூர் அழைப்புக்கும் நேரக் கணக்கில் காசு வாங்கிய ஐரோப்பாவிலோ தொலைபேசிக் கட்டணத்தை ஏற்றிவிடும் செலவு.

வெளியே செல்லவேண்டிய தரவுப் பொட்டலம் வந்தவுடன் எண்ணை அழைப்பதும், சற்றுநேரம் போக்குவரத்து இல்லையெனில் துண்டிப்பதும் 'தேவைக்கு அழைத்தல்' எனப்பட்ட ஏற்பாடு; லினக்ஸின் டயல்டி நிரலும், 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பின் இணைப்புப் பகிர்வு வசதியும் இதைச் செய்தன. பொட்டலத்தை அனுப்பியது மனிதரின் விருப்பமா, இயந்திரத்தின் வழக்கமா என்று நுழைவாயில் கணினிக்குத் தெரியாது. சிக்கலின் வேர் அதுதான்.

விண்டோஸ் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடிய நெட்பயாஸ் முறை அலுவலக வலையமைப்புக்காக உருவானது. தேடிய பெயர் உள்ளே கிட்டாதபோது கணினி, பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கும். அந்தச் சேவையகமோ தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் இருந்தது. அடுத்த அறையில் அணைத்துவைக்கப்பட்ட கணினியைத் தேடி மோடம் ஊரை எழுப்பி, அப்படியொரு பெயரே இல்லை என்ற பதிலைக் காசு கொடுத்து வாங்கிவந்தது. இதில் எந்த நிரலும் பழுதாக இல்லை என்பதே கண்டுபிடிப்பதைக் கடினமாக்கியது.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதே எளிய வழி. விவரம் அறிந்தவர்கள் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை நுழைவாயிலில் ஓடவிட்டு, அழைப்புக்குச் சற்று முன்வந்த பொட்டலத்தின் போர்ட் எண்களை, அதாவது அது எந்தச் சேவையிலிருந்து எதற்குச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்களை, வாசித்தனர். புறப்பட்ட போர்ட் 137, சேரும் போர்ட் 53 என்றிருந்தால் குற்றவாளி நெட்பயாஸ்தான். அத்தகைய பொட்டலத்தைத் தடுக்க வடிகட்டி விதி ஒன்றே போதும். பைண்ட் என்னும் டிஎன்எஸ் நிரலோ இத்தகைய வீடுகளுக்கென்றே 'டயல்அப்' என்ற அமைப்பைத் தந்து, தன் பராமரிப்பு வேலைகளை வழக்கமாக 60 நிமிடத்துக்கு ஒருமுறை சேர்த்துச் செய்துகொண்டது. தொலைபேசி மீட்டரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சேவையக நிரல்கள் அரிது.

அறியாமல் நேர்ந்த இந்த அழைப்புகளிலிருந்து வேறுபட்டவை, பயனரின் கணினியில் புகுந்து ஜெர்மனியின் உயர்கட்டண 0190 எண்களை வேண்டுமென்றே அழைத்த 'டயலர்' நிரல்கள். அவற்றை வடிகட்டி விதிகளால் மட்டும் அடக்க முடியாமல், 2003இல் சட்டம் இயற்றி, ஒழுங்குமுறை ஆணையத்தில் அவற்றைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க நேர்ந்தது.