கலங்கரையில் கரை எங்கே?

சென்னைத் துறைமுகத்தையும் அதை ஒட்டிய கடற்கரையையும் சுற்றிப் பார்க்கிறவர், ஒரே கடலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒளி காட்டிய நான்கு இடங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். முதல் விளக்கு 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. இரண்டாவது, 1844-இல் எரியத் தொடங்கிய கல்தூண். விளக்கை இழந்த பிறகும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. 1894-இல் விளக்கு அந்த நீதிமன்றத்தின் கோபுர உச்சிக்கே போனது. நான்காவது, மெரினாவில் 1977 முதல் எரிவது. நான்குக்கும் தமிழில் ஒரே பெயர்: கலங்கரை விளக்கம். பொருள் கேட்டால், ‘கலங்களுக்குக் கரையைக் காட்டும் விளக்கு’ என்று பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லில் உள்ள கரை, கடற்கரை அல்ல. ‘அழை’ என்று பொருள்படும் வினைச்சொல் என்பதே என் கட்சி.

முதல் சான்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த நூலில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது. வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண் போன்ற உயரம், ஏறுவதற்கு அரிய உச்சி, சார்த்திய ஏணி, கூரை வேயாத மாடம், அதன்மேல் இரவில் கொளுத்திய தீ என்று கட்டடமே கண்ணில் நிற்கும்படி எழுதியிருக்கிறார். அந்தத் தீயையும் கடலில் ஓடும் கலங்களையும் துறையோடு சேர்க்க அவர் எடுத்த வினை ‘கரையும்’ என்பது. தமிழில் ‘கரை சேரும்’ என்பதற்குக் ‘கரையும்’ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கலம் கரைகிறதா, துறை கரைகிறதா என்று வேண்டுமானால் வழக்காடலாம். எப்படிப் பிரித்தாலும் அது கூப்பிடுகிற வினைதான். நச்சினார்க்கினியர், வேறு துறையை நோக்கி ஓடும் கலங்களை அழைக்கிற துறை என்றே உரை கண்டார். ‘கலங்கரை விளக்கம்’ என்ற முழுத் தொடர் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இருக்கிறது. புகாரின் இரவுக் கடற்கரையில் எரியும் விளக்குகளை அடுக்கும் பகுதி அது. பிட்டு விற்பவர் விளக்கு, மீன் பிடிப்பவர் விளக்கு என்ற வரிசையில் இதுவும் ஒன்று. அங்கே ‘விளக்கம்’ என்றால் விளக்குதான். விளக்கிச் சொல்வதோடு அதற்கு ஒட்டில்லை. உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரும் கலத்தை அழைக்கிற விளக்கு என்றே பொருள் எழுதினார். இந்தப் பொருளில் கரைதல் இன்று நம் பேச்சில் காக்கையிடம் மட்டும் மிஞ்சிவிட்டது. திருக்குறளில் ‘சுற்றந்தழால்’ அதிகாரத்துக் காக்கை இனத்தைக் கூப்பிட்டு உண்கிறது. காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். துறைமுகத் தீயும் காக்கையும் ஒரே வினையைப் பங்கிட்டுக்கொண்டது தற்செயல் அல்ல. இரண்டும் வருகிறவருக்கான குரல்.

புணர்ச்சி விதியும் இந்தப் பக்கமே சாய்கிறது. குளத்தின் கரை குளக்கரை, மரத்தின் கிளை மரக்கிளை. மகரம் கெட்டு வல்லெழுத்து மிகும். அந்த வழியில் கலத்தின் கரை ‘கலக்கரை’ ஆக வேண்டும். மரத்தைக் கொத்துவதோ மரங்கொத்தி. செயப்படுபொருளும் வினையும் சேரும்போது மகரம் இன மெல்லெழுத்தாகத் திரிகிறது. கலத்தைக் கரைவது கலங்கரை ஆனது இதே தடத்தில்தான். இலக்கணம் படித்தவர் உடனே குறுக்கிடுவார்: பேச்சில் ‘குளங்கரை’ இருக்கிறதே, தென்கோடியில் ஊர்ப்பெயர்களிலும் அப்படி வருகிறதே? நியாயமான தடை. புணர்ச்சியை மட்டும் நம்பி இந்த வழக்கை முடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலத்துக்கு ஏது கரை? குளத்துக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் கரை உண்டு. கலம் கரையை அடையுமே தவிர, அதற்கென்று ஒரு கரை இருப்பதாக யாரும் பேசுவதில்லை. கூடவே, பெரும்பாணாற்றுப்படை கலத்தையும் கரைதலையும் ஒரே காட்சியில் வினையாகவே சேர்த்து வைத்திருக்கும்போது, பெயர்ச்சொல்லைத் தேடிப் போக அவசியமில்லை.

இன்னொரு தடை பொருளைப் பற்றியது. இந்த விளக்குகள் அழைக்கவா செய்கின்றன, பாறை இருக்கிறது, கிட்டே வராதே என்று விரட்டவும் செய்கின்றனவே? உண்மை. முட்டம் போன்ற பாறைக் கரையில் ‘எச்சரிக்கும் விளக்கு’ என்ற பெயரே பொருந்தியிருக்கும். சோழமண்டலக் கரையின் சங்கடம் வேறு. பெரும்பாலும் தாழ்ந்த மணல். கடலிலிருந்து பார்த்தால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வித்தியாசம் தெரியாது. சென்னையில் கப்பல் நிற்க இயற்கைத் துறைமுகமே இல்லை. 1875-இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர்களை 1881-இன் புயல் பெயர்த்துப் போட்டது. அதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வந்தன. அப்படிப்பட்ட கரையில் விளக்கின் முதல் வேலை, ‘நீ தேடும் துறை இதுதான், இங்கே வா’ என்று சொல்வது. மாமல்லபுரத்தில் குன்றின் மேலுள்ள பல்லவர் கோயிலின் தலையில் ஆங்கிலேயர் விளக்கு ஏற்றியதும், பிறகு பக்கத்திலேயே தனிக் கோபுரம் கட்டியதும் இந்த உயரத் தேவையால்தான். அந்தக் கோயிலையே நீர்ப்பெயற்றின் மாடம் என்று காட்டுவது மட்டும் பிழை; கோயில் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

அழைக்கிற விளக்குக்கு ஆள் பார்த்து அழைக்கத் தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது ஊர் இருட்டடிக்கப்படவில்லை. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. உயர் நீதிமன்றச் சுவரில் அந்த இரவின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அப்போது நகரத்தின் கடல்விளக்கு இருந்ததும் அதே கட்டடத்தின் உச்சியில்தான்.

சொல்லின் பின்வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. இலங்கைத் தமிழர் ஆங்கிலச் சொல்லைப் பிளந்து ‘வெளிச்சவீடு’ என்று வைத்துக்கொண்டார்கள். பருத்தித்துறையில் அதுதான் புழக்கம். எளிமையான, நேர்மையான சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் பேருந்து நடத்துநர் வாயில் இன்றும் ‘லைட் ஹவுஸ்’தான். கலங்கரை விளக்கமோ 1965-இல் எம்.ஜி.ஆர். படத்துக்குத் தலைப்பானது, பறக்கும் ரயில் நிலையத்தின் பலகையில் ஏறியது, மேடைதோறும் தலைவர்களுக்கு அடைமொழியாகவும் ஆனது. கேட்பவர் காதில் ‘கலங்காதே’ என்பதும் ‘கரை சேர்ப்பவர்’ என்பதும் சேர்ந்து ஒலிக்கின்றன. அடைமொழி சூட்டுகிறவர்கள், தங்கள் தலைவரைக் காக்கையைப் போலக் கரைகிறவர் என்று புகழ்வதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.