பதினைந்து லட்சத்துக் கால்வாய் நான்கு லட்சத்தில் முடிந்த கதை

  செல்போனில் ஒரு விரலால் இரண்டு நாளாகத் தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையை எடுக்க வேண்டாம், அது என் உரிமை!

போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். "டீச்சர், ஊராட்சித் தேர்தல் வந்தா நிக்கலாம்னு இருக்கேன். நம்ம குத்தம்பாக்கம் கால்வாய் விவகாரம்னு சொல்றாங்களே, பணத்தை மிச்சம் பிடிச்சதுக்கா ஒரு தலைவரை சஸ்பெண்ட் பண்ணாங்க?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன்.

1993 ஏப்ரலில் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. நம்மூரில் தலைவராக வந்தவர் ஆர். இளங்கோ. தலித் குடும்பத்துப் பிள்ளை, ரசாயனப் பொறியியல் படித்தவர், சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்தில் விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். வேலையை விட்டதற்கே பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கால்வாய்க்கு வருகிறேன். ஊருக்குள் கழிவுநீர் ஓட வழி வேண்டும். போட்ட எஸ்டிமேட் சுமார் 15 லட்சம் ரூபாய். எஸ்டிமேட் எப்படிப் போடுவார்கள் என்று தெரிந்தால்தான் இந்தக் கதை புரியும். பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியல் ஒன்று உண்டு. கல், மணல், சிமெண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, எத்தனை கிலோமீட்டரிலிருந்து லாரியில் கொண்டுவருகிறோம் என்ற வண்டிக்கூலி, எல்லாவற்றுக்கும் அதில் விலை இருக்கும். ஒன்றிய இன்ஜினியர் நீள அகலத்தைப் பெருக்கி, பட்டியல் விலையை வைத்துக் கணக்குப் போடுவார். பட்டியலில் இல்லாத பொருள் கணக்குக்குள் வராது. அது வீட்டு வாசலில் சும்மா கிடந்தாலும் சரி.

இங்கே சும்மா கிடந்தது கிரானைட் துண்டு. பக்கத்திலிருந்த பாலிஷ் போடும் ஆலைகளில் கழித்துப்போட்ட கற்கள். அதை எடுத்து வந்து, ஊர் ஆட்களையே கூலிக்கு வைத்து, கால்வாய்க்குப் பக்கச்சுவராகப் பதித்தார்கள். செலவு சுமார் 4 லட்சம். தண்ணீர் ஓடியது.

ஆனால் எஸ்டிமேட்டில் ஒன்று, தரையில் வேறொன்று. அனுமதித்தபடி கட்டவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. காண்டிராக்டர்களுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். 1994 சட்டத்தின் 205ஆவது பிரிவு, தலைவரை நீக்க நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்குத் தருகிறது. முதல் பதவிக்காலம் முடியும் முன்பே இளங்கோ சஸ்பெண்ட் ஆனார்.

பிள்ளைகளே, ஒரு பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். விதி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தலைவர்கள் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குக் கல்லை மாற்றினால், பத்தில் ஒன்பது பேர் மட்டமான கல்லைத்தான் போடுவார்கள். அந்தப் பயத்தில்தான் விதி பிறந்தது. ஆனால் அந்த விதி, எழுதியதும் கட்டியதும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டது. தண்ணீர் ஓடுகிறதா, இதே வேலைக்கு மீதி 11 லட்சம் எதற்கு என்று அது கேட்கவில்லை. அதைக் கேட்டது ஊர். கிராம சபை கூடியது, ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள், உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2001இல் மறுபடியும் அவரையே தலைவராக்கினார்கள். அதற்குள் சமத்துவபுரமும் வந்துவிட்டது. ஐம்பது இரட்டை வீடுகள், நூறு குடும்பங்கள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். அதற்கும் ஊரிலேயே அழுத்திச் செய்த மண்கட்டி, ஊர் ஆட்கள் கைவேலை.

இதே காலத்தில் ராஜஸ்தானிலும் ஒன்று நடந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் ஊராட்சி வேலைகளின் பில்லையும் கூலிப் பட்டியலையும் ஜனங்கள் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அங்கேதான் விதை விழுந்தது.

நம் பக்கத்திலேயே பழைய கதை உண்டு. ஐந்தாம் வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நடத்துவேனே, நினைவிருக்கிறதா? குடவோலை என்றவுடன் பானையையும் ஓலையையும் மட்டும் எல்லோரும் சரியாக எழுதிவிடுவீர்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய ஆண்டுகள். ஏரி வாரியத்திலோ வேறு வாரியத்திலோ இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. அது பிராமணர் சபை, எல்லோருக்கும் இடமில்லை. அதையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதில்லை.

சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் இன்று எழுதிவிடுகிறேன். நான் தலைமையாசிரியையாக இருந்த ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினார்கள். எந்த ஊர் என்று வேண்டாம். வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். கதவு இருந்தது, குழாய் இருந்தது, பளபளவென்று சுண்ணாம்பு. எஸ்டிமேட்டைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் தோன்றியது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கிப் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மலத்தொட்டி நிரம்பி வாசல் வரை வழிந்தது. பக்கத்தில் நின்றாலே தெரிந்திருக்கும், ஆழமே தோண்டவில்லை. அந்த வருடம் முழுக்கப் பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் டீச்சர் கையெழுத்தும் அதில் இருந்தது.

ஆகவே, தம்பி, நீ கேட்டதற்குப் பதில். நிற்பதாக இருந்தால் நில். அதற்கு முன்னால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போ. உங்கள் தெரு வேலை ஏதாவது ஒன்றின் எஸ்டிமேட் நகலையும் அளவுப் புத்தகத்தையும் கேள். எம் புக் என்றால்தான் அவர்களுக்குப் புரியும். தரமாட்டோம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடு. கையில் வந்ததும் டேப் எடுத்துக்கொண்டு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து பார். ஆழத்தை மறக்காதே. கணக்கில் சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வா, பெருக்கல் இன்னும் மறக்கவில்லை எனக்கு.

கால்வாய்ப் பக்கம் போய்ப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இதில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. பேரன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், போடச் சொல்கிறேன்.