'தக்கர்' என்னும் சொல்லும் சட்டமும்

ஒரு சொல் எவ்வாறு மக்களைச் சிறைப்படுத்தும் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். 'டக்' என்னும் இந்திச் சொல்லுக்கு ஏமாற்றுபவன் என்பதே பொருள். தமிழில் 'தக்கர்' என எழுதலாயினர். வழிப்போக்கரோடு நட்பாய்ப் பழகி, கழுத்தை நெரித்துக் கொன்று, பொருள் கவர்ந்த கூட்டத்தாரை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியினர் இப்பெயரால் குறித்தனர். அவர்களை ஒடுக்கிய ஸ்லீமன், அவர்தம் மறைமொழிச் சொற்களைத் தொகுத்து 1836இல் நூலாக்கினார்.

அதே ஆண்டில் பிறந்த சட்டம், தனியொரு கொலையையோ கொள்ளையையோ மெய்ப்பிக்கக் கோரவில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என மெய்ப்பித்தாலே ஆயுள் தண்டனை விதிக்கலாம் என்றது. செயலைக் குறித்த சொல், ஆளைக் குறிக்கும் முத்திரையாயிற்று.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று பிறப்பையே குற்றமாக்கிற்று. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் முதலிய சாதியார் கைரேகை பதித்து, காவல் நிலையத்தில் ஆஜராக நேர்ந்தது. 1952இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கிற்று. பழிச்சொல்லோ எளிதில் நீங்கவில்லை.

பிறப்பைச் சுட்டி இழிவு பேசும் சொல்லின் கொடுமையை நாம் நன்கறிவோம். ஆகவே, எந்தச் சமூகத்தையும் அவ்வாறு சுட்டும் சொல் நம் நாவில் எழாதிருக்கட்டும். கல்வி நமக்குத் தரும் முதற் பொறுப்பு அதுவேயாகும்.