புகையிலைச் சீமையும் பழக்கத்தின் பரிசோதனையும்

போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்த புகையிலை, திண்டுக்கல் சமவெளியின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் வேரூன்றி, ஸ்பென்சர் கம்பெனியின் தொழிற்சாலையில் சுருட்டாகிக் கடல் கடந்தும், அங்கு விலாஸ் போயிலையாகித் தமிழர்களின் வெற்றிலைச் செல்லங்களில் குடிபுகுந்தும், அவ்வட்டாரத்துக்குப் பெரும் கீர்த்தியைத் தேடித் தந்தது. 1948இல் வேடசந்தூரில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் உகந்த இலையை எவ்வாறு விளைவிப்பது என்பதே அதன் நோக்கம்; வாங்கியவன் மறுநாளும் ஏன் கடை வாசலுக்கு வருகிறான் என்ற கேள்விக்கு விடை அயல்நாட்டுக் கூண்டுகளிலிருந்தே வரவேண்டியிருந்தது.

1962இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற அமெரிக்கர், எலியின் இரத்தக் குழாயில் மெல்லிய குழலைப் பொருத்தி, அது நெம்புகோலை அழுத்துந்தோறும் சிறிதளவு மார்பின் உடலில் சேருமாறு செய்தார். யாருடைய தூண்டுதலுமின்றி எலி மருந்தைத் தானே தேடிக்கொண்டது. ஒரு செய்கையின் பலனே அச்செய்கையை மீண்டும் செய்விக்கும் இவ்வியல்பை வலுவூட்டம் என்பர். ஆயினும் புகையிலையின் ஜீவசத்தாகிய நிகோடினுக்கு இவ்வளவு வசீகரம் உண்டா என்ற சந்தேகம் நெடுநாள் நீடித்தது.

அதைத் தீர்த்தவற்றுள் 1981இல் கோல்ட்பர்க்கும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு எனக்கு விசேஷமானது. அணில் குரங்குகள் நிகோடினுக்காக விடாமல் நெம்புகோலை அழுத்தின; அத்துடன் சேர்ந்து பழகிய சிறு ஒளிச் சமிக்ஞையை நீக்கியபோதோ, மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீரைச் செலுத்தியபோதோ, அவற்றின் வேகம் குன்றியது. உண்டு முடித்ததும் திண்ணைக்கு வருவது, பாக்குவெட்டியின் ஓசை, சுண்ணாம்பின் மணம், எதிரே அமர்ந்து செல்லத்தை நகர்த்தும் நண்பரின் கை ஆகிய இவையெல்லாம் நம்மவர்க்கு அந்த ஒளியாகவே இருந்திருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்; வழக்கம் என்று நாம் போற்றிய உபசாரமே மருந்தின் துணைவனாக நின்றது.

நிகோடினின் இவ்வசீகரத்தைப் புகையிலை வணிகமும் அறிந்திருந்தது. பிலிப் மாரிஸ் கம்பெனியின் பரிசோதனைச் சாலையில் விக்டர் டெனோபிள், எலிகள் நிகோடினைத் தாமே செலுத்திக்கொள்வதைக் கண்டு எழுதிய கட்டுரை 1983இல் நிர்வாகத்தின் வற்புறுத்தலால் திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு அச்சாலையே மூடப்பட்டது. மனித உயிர் சம்பந்தப்பட்ட செய்தியை அவ்வாறு புதைத்தது பெரும் அநியாயம். 1994இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் டெனோபிள் சாட்சியம் அளித்த பிறகே, அவ்வெலிகள் நெம்புகோலை அழுத்திய கதையை உலகம் கேட்டது.