கிரேஹவுண்ட் பந்தயத் தடை (நியூ சவுத் வேல்ஸ்)

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், இயந்திர முயலைத் துரத்தி ஓடும் கிரேஹவுண்ட் நாய்களின் பந்தயத்தை ஜீவகாருண்யத்தின் பொருட்டு விலக்க வேண்டுமா என்பது பற்றி எழுந்த விவாதமும், 2016-ல் அங்கு இயற்றப்பட்டு, அமலுக்கு வருமுன்பே கைவிடப்பட்ட தடைச் சட்டமும் ஈண்டு கூறப்படும்.

இந்நாயினம் அக்கண்டத்தை அடைந்தது ஐரோப்பியருடனேயாம். 1770-ல் கடலோடி குக் என்பாரின் கப்பலில் சென்ற இயற்கை நூல் வல்லுநர் ஜோசப் பாங்க்ஸின் கிரேஹவுண்ட், இளங்கங்காரு ஒன்றைப் பிடித்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிருள்ள முயலை ஓடவிட்டு இரண்டு நாய்களை அதன்பின் ஏவும் வேட்டைப் போட்டிகள் நடந்தன; சிட்னியின் புறநகராகிய பிளம்ப்டன் அத்தகைய மைதானம் ஒன்றிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. அவ்வகைப் போட்டி பிற்காலத்தில் சட்டத்தால் விலக்கப்பட்டது.

அமெரிக்கரான ஓவன் பாட்ரிக் ஸ்மித் உருவாக்கிய இயந்திர முயல், 1927 மே மாதத்தில் சிட்னியில் ஓடத் தொடங்கியது. தகர முயல் என்று பாமரர் செல்லமாக அழைத்த இதைக் காண, பகலெல்லாம் உழைத்த தொழிலாளர் மாலையில் திரண்டனர். மின்விளக்கொளியில் நடந்ததும் நுழைவுக் கட்டணம் குறைவாயிருந்ததும் குதிரைப் பந்தயத்தில் இடம்பெறாதாரை இதன்பால் ஈர்த்தன. மாதா கோவில் குருமார்கள் உடனே கண்டனம் எழுப்பினர். அவ்வாண்டின் இறுதிக்குள் மாநிலத்தை ஆண்ட பாவின் மந்திரிசபை அந்திக்குப்பின் பணம் கட்டுவதைத் தடுத்தது. 1931-ல் லாங் மந்திரிசபை அதை மீண்டும் அனுமதித்தது. பந்தயம் நடத்த அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டதில் முறைகேடு நடந்ததா என்று ஆராய 1932-ல் ராயல் கமிஷன் ஒன்று அமர்ந்தது. இவ்வளவு சர்ச்சையிலும் வழக்காடப்பட்டது மனிதனுடைய சூதாட்டமும் அவன் குடும்பத்தின் க்ஷேமமுமேயன்றி, ஓடிய நாயின் கதி அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

1940-களில் கன்னெடா என்னும் சிற்றூரைச் சேர்ந்த சீஃப் ஹேவக் என்ற நாய் பெரும் புகழெய்தியது. போட்டி நாய் எதுவுமின்றி, காலக்கணிப்புக் கருவியை மட்டும் எதிரியாகக் கொண்டு சிட்னியின் ஹாரோல்ட் பார்க் ஓடுதளத்தில் தன்னந்தனியே ஓடி, ஒரே ஓட்டத்தில் பல தூரங்களுக்குரிய சாதனைகளை அது முறியடித்ததைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடினர். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பந்தயம் ஊர்தோறும் பரவி நிலைபெற்றது.

பந்தயத்தில் எட்டு நாய்கள் எட்டுப் பெட்டிகளில் அடைக்கப்படும். முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்குக் கறுப்பு வெள்ளைக் கோடு, மூன்றாவதற்கு வெள்ளை, பின் முறையே நீலம், மஞ்சள், பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று மேலாடை நிறங்கள் வகுக்கப்பட்டுள்ளன. முயல் கடந்தவுடன் கதவுகள் ஒருசேரத் திறக்க, மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அவை பாயும். முதல் வளைவில் எட்டும் ஒரே உட்புறத்தை நாடி நெருக்குவதால் மோதலும் எலும்பு முறிவும் நேருகின்றன. நேர்கோட்டு ஓடுதளமும் ஆறு நாய்ப் போட்டியும் இதைக் குறைக்கும் என்பது சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரின் கருத்து.

2015 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி, மறைவான காமிராக்கள் பதிந்த காட்சிகளை வெளியிட்டது. பன்றிக்குட்டி, முயல், போஸம் முதலிய பிராணிகளை உயிரோடு இயந்திரக் கையில் கட்டி, இளநாய்களுக்கு வெறியேற்றும் பொருட்டு ஓடவிட்ட கொடுமை அதில் காணப்பட்டது. இது 1979-ம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி முன்பே குற்றமாயிருந்தும் நடந்துவந்தது என்பதே பொதுமக்களை அதிகம் வெகுளச் செய்தது. அரசாங்கம் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மக்ஹ்யூவை விசாரணைக்கு நியமித்தது.

2016 ஜூனில் சமர்ப்பிக்கப்பட்ட அவரது அறிக்கை, முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் வேகம் போதாதென்றோ தகுதியில்லையென்றோ கொல்லப்பட்ட நாய்கள் 48,891 முதல் 68,448 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. இத்தொகை ஊகத்தின்பாற்பட்டதென்று பந்தயத் தரப்பினர் மறுத்தனர். இரு எல்லைகளுக்கிடையே உள்ள அகலம் அவர்கள் வாதத்திற்குச் சிறிது இடமளிப்பினும், கீழெல்லையே போதிய கொடுமை என்று மறுதரப்பினர் கூறினர். அறிக்கை தடையைச் சிபாரிசு செய்ததா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. அதன் எண்பது பரிந்துரைகளுள் முதலாவது, இத்தொழில் சமூகத்தின் அனுமதியை இழந்துவிட்டதா, இனி நடக்கத் தகுமா என்று சட்டசபை ஆலோசிக்க வேண்டும் என்பது. ஏனையவை அது தொடருமாயின் செய்யவேண்டிய சீர்திருத்தங்கள்.

முதன் மந்திரி மைக் பெயர்ட் தயங்கவில்லை. ஜூலை 7-ல் தடையை அறிவித்து, ஆகஸ்டில் சட்டமாக்கினார். 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து அது அமலாக இருந்தது. கூட்டணியிலிருந்த நேஷனல் கட்சியினர் மூவர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். பிராணி நலச் சங்கத்தார் வாழ்த்தினர். நாட்டுப்புறத்தாரோ, கொல்லைப்புறத்தில் ஒன்றிரண்டு நாய்களை வளர்த்து விடியற்காலையில் நடத்திச் செல்வதே இன்பமாகக் கொண்ட முதியோர்கள், சிலர் செய்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்படுவதாக முறையிட்டனர். தடை வந்தால் எஞ்சிய ஆயிரக்கணக்கான நாய்கள் எங்கே போகும் என்ற கேள்வியை இரு தரப்பினரும் எழுப்பினர். தெளிவான விடை எவரிடமிருந்தும் வரவில்லை.

எதிர்ப்பு வலுக்கவே, அக்டோபர் 11-ல் பெயர்ட் தடையை வாபஸ் பெற்றார். அடுத்த மாதம் ஆரஞ்ச் தொகுதி இடைத்தேர்தலில், 1947 முதல் தன்வசமிருந்த இடத்தை நேஷனல் கட்சி ஐம்பது வாக்கு வித்தியாசத்தில் இழந்தது. அதற்குக் காரணம் நாய்ப் பந்தயமா, அரசாங்கம் நகரசபைகளைக் கட்டாயமாக இணைக்க முயன்றதா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பெயர்ட் 2017 ஜனவரியில் பதவி விலகினார்.

தடைக்குப் பதிலாக 2018-ல் பந்தயத்தைக் கண்காணிக்கும் கிரேஹவுண்ட் நலன் மற்றும் நேர்மைக் கமிஷன் தனி அமைப்பாக நிறுவப்பட்டது. ஓய்வுபெற்ற நாய்களைப் பரிசோதித்து வீடுகளுக்கு அளிக்கும் கிரீன்ஹவுண்ட்ஸ் திட்டத்தில் தேறியவை, பச்சைக் கழுத்துப்பட்டையுடன் வாய்ப்பூட்டின்றி வீதியில் நடக்க அனுமதி பெற்றன. ஓட்டத்தில் இத்துணை வேகங்காட்டும் இந்நாய், வீட்டில் பெரும்பொழுதைத் தூங்கியே கழிக்கும் சாதுவாம்.

அண்டையிலுள்ள கான்பெரா பிரதேசம் 2018-ல் பந்தயத்தைத் தடை செய்தது. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும் டாஸ்மேனியா 2025-லும் படிப்படியாக நிறுத்தும் முடிவை அறிவித்தன. நியூ சவுத் வேல்ஸில் 2024-ல் தொழிலின் தலைமை மிருக வைத்தியர் எழுப்பிய புகார்களின் மேல் மற்றொரு விசாரணை தொடங்கப்பட்டது.