திருவை இழந்த ஊர்

குறுக்கெழுத்துப் புதிரின் வயது அதிகமன்று. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளிதழொன்றில் ஆர்தர் வின் அமைத்த கட்டப்புதிரே அதன் தொடக்கம். பொருளைக் கூறிச் சொல்லைக் கேட்ட அவ்விளையாட்டை, சொல்லுக்குள் சொல்லை ஒளிக்கும் மறைபுதிராக 1920களில் ஆங்கிலேயர் வளர்த்தனர். அவர்களுள் பேர்பெற்ற எட்வர்ட் மேதர்ஸ் 'டார்க்கெமாடா' எனப் புனைபெயர் பூண்டார். ஸ்பெயின் நாட்டுத் திருச்சபை விசாரணைத் தலைவரின் பெயர் அது. நாம் பெருமையோடு நினைக்கும் பெயரன்று. விடை தேடுவோரை வதைப்பதற்குப் பொருத்தமெனக் கொண்டார் போலும்!

ஒரு குறிப்பை நாமே அமைத்துக் காட்டுவோம்: 'திருவை இழந்து அடைமானம் போன வடசென்னை ஊர்'. கடைசி இரு சொற்கள் நேர்ப்பொருள்; மற்றவை சொல்விளையாட்டு. செல்வம் இழந்தவன் சொத்தை அடைமானம் வைப்பான் என்று மேலோட்டமாகப் படிப்போர் ஏமாறுவர். திருவொற்றியூரில் 'திரு'வை நீக்கினால் (உடம்படுமெய் தானே விலகும்) ஒற்றியூர். ஒற்றி என்றாலே அடைமானம்தான்.

இவ்வுத்திகள் ஆங்கிலேயர் தந்தவை என எண்ண வேண்டா. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தண்டியலங்காரம் இவற்றுக்குப் பெயரே சூட்டியுள்ளது. சொல்லைப் பிரித்து வேறு பொருள் காண்பது பிரிமொழிச் சிலேடை. எழுத்துகளைக் குறைத்துக்கொண்டே போய்ப் புதுச்சொல் காண்பது அக்கரச்சுதகம். பல வினாக்களின் விடைகளைக் கூட்டினால் வேறொரு விடை பிறப்பது வினாவுத்தரம். இவற்றைப் பாட்டில் வைத்த நம்மவர் கட்டத்தில் வைக்கவில்லை, அவ்வளவே.

ஒற்றியூரின் பெயரை விளையாட்டாக்கிய பெருமை வள்ளலாருக்கு (1823–1874) உண்டு. சென்னையில் வாழ்ந்த நாளில் அவர் வழிபட்ட தலம் இது. அவருடைய இங்கித மாலையில் தலைவி வெளிப்படையாக வினவுவாள். ஒற்றியூர் இறைவரோ இருபொருள்பட விடை பகர்வார். உலகமெல்லாம் தமதாகக் கொண்டவர் அடைமான ஊரில் குடியிருக்கிறாராம்! சிலேடையின் சுவையில் பாதி இந்த முரணில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

ஆனால் சொல் வழக்கொழிந்தால் புதிருக்கும் பாட்டுக்கும் திறவுகோல் தொலைந்துபோகிறது. இன்று திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வீடு தேடுவோர் 'போக்கியம்' என்பர். இல்லையேல் 'லீஸ்' என்பர். அகராதி வைத்துக்கொண்டு இங்கித மாலை படிப்பவருக்கு நகைப்பு வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்குக் குடியேறிய முதியவர் ஒருவரிடம் மேற்கண்ட குறிப்பைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஊரில் வீட்டை இன்றும் 'ஒத்தி'க்குத்தான் விடுகிறார்கள்.